உலக முடிவில் எண்ணியவள்

சப்பாத்தில் ஒட்டியிருந்த அந்தக் கறுத்த மண்ணைக் கண்டவுடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெறாமகளும், அதுதான் தங்கச்சியின் மகளும், அவளுடைய புருஷனும் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, வெள்ளவத்தையில் என்னுடைய ஃபிளாட்டில் நிற்கிறார்கள். முந்தாநாள் வான் பிடித்து மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் நேற்றுப் பின்னேரம் திரும்பிவந்து, சேற்றுச் சப்பாத்துகளைப் பல்கனியில் காயவைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கே தோண்டினாலும் அப்படி ஒரு மண் வராது. கரியை அரைத்துக் குழைத்தது போல் இருக்கும், காய்ந்தாலும் ஈர இலையின் மணம் போகாது. அந்த மணம் ஹோலுக்குள் வந்து என் மூக்கில் ஏறியது. "உந்தச் சப்பாத்தைக் கொண்டுபோய்க் கழுவுங்கோ" என்று சத்தம் போட்டேன். மருமகன் பெடியன் பயந்துபோய் இரண்டு சோடியையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பெறாமகள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஃபோனை என் முன்னால் மேசையில் வைத்து விரலால் இழுத்து இழுத்துக் காட்டினாள். பச்சை வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பூங்காவின் வாசலில் தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு மலைவிளிம்புகள், நீர்வீழ்ச்சி என்று சுற்றிக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்தது. எத்தனை அடி நடந்தாள், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எந்த நிமிடம் எந்த இடத்தில் நின்றாள், எல்லாம் இருந்தது. அவள் எண்ணவேயில்லையாம். ஃபோன் தானாகவே எண்ணுமாம். அதை அப்படியே ஊருலகத்துக்குத் தெரிய இணையத்திலும் போட்டுவிட்டாளாம்.

அந்தக் கோட்டுக்காகத்தான், சிநேகிதி, உம்மை இருபத்துமூன்று நாள் அடைத்துவைத்தார்கள். அதே வாசல், அதே ஓடை, அதே விளிம்பு. உம்முடைய கையெழுத்தில் இருந்தபோது அது சதித்திட்டம். இவளுடைய ஃபோனில் இருக்கும்போது அது பொழுதுபோக்கு.

பிறகு அவள் கேட்டாள். "பெரியம்மா, இவ்வளவு காலமாக் கொழும்பில இருக்கிறியள், அங்க ஒருக்காலும் போகேல்லையோ?" நான் இல்லை என்றேன். நாக்குக் கூசாமல் வந்தது. நீர் செத்து எட்டு மாதமாகிறது, சண்டை முடிந்து எத்தனையோ வருஷம், எதிரே இருப்பது நான் தொட்டிலில் ஆட்டிய பிள்ளை. இன்னும் எனக்கு யாரிடம் பயம்? அந்த ஆத்திரத்தில் இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உம்மிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக் கோட்டையில் ஒரே கந்தோரில், ஒரு நீள மேசையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருந்து வேலை செய்தவர்கள். நான் வெள்ளவத்தை, நீர் கொட்டாஞ்சேனை. இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது, கலியாணம் ஒப்பேறவில்லை, சனி ஞாயிறில் உறவுக்காரரின் விசாரணைக்குத் தப்பி ஓட ஒரு இடம் தேவைப்பட்டது. கந்தோர் நலன்புரிச் சங்கம் ஒருமுறை நுவரெலியாவுக்குப் பயணம் ஒழுங்குசெய்தது. ஹோர்ட்டன் சமவெளியில் பஸ் போய் நிற்கும்போது மணி பத்தரை. முகில் மூடிவிட்டது, இனி ஒன்றும் தெரியாது என்று எல்லாரும் பஸ்ஸுக்குள் இருந்தபடியே பைலாப் பாட்டுப் பாடினார்கள். நீர் மட்டும் இறங்கிப் போனீர். அரை மணித்தியாலம் கழித்து முழங்கால்வரை சேற்றோடு வந்து என் பக்கத்தில் இருந்தீர். "இது பஸ்ஸில வந்து பாக்கிற இடமில்லை. நடந்து வரவேணும்" என்றீர்.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை லீவு போட்டு, காலை ரயிலில் ஒஹியாவுக்குப் போவோம். ஸ்டேஷனுக்கு மேலே தேநீர்க்கடை வைத்திருந்த சிங்கள அம்மாவின் பின் அறையில் படுத்தெழும்பி, விடியமுன்னம் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவோம். லண்டனுக்குப் போன உம்முடைய தம்பி விட்டுவிட்டுப் போன நீட்டுக் காற்சட்டையை நீர் போட்டிருப்பீர், இடுப்பு நிற்காமல் கயிறு கட்டியிருப்பீர். இரண்டு குமருகள் காற்சட்டை போட்டு மலையேறினால் எவன் வந்து கேட்பான் என்று உம்முடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மலையில் மாப்பிள்ளை தேடத்தான் போகிறோம் என்று நீர் சொல்ல, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மேலே ஏறி முடிந்ததும் புல்வெளி. ஒரு பக்கம் முழங்கால் உயரப் புல், மற்றப் பக்கம் காற்றுக்குக் கூனிப்போன குள்ள மரங்கள், கிளையெல்லாம் பாசி. புல்லுக்குள் மேயும் மரைகள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயும். எங்களிடம் அடையாள அட்டை கேட்காத சீவன்கள் இந்த நாட்டில் இவை மட்டும்தான் என்று நீர் சொல்லுவீர். உண்மையும் அதுதான். கோட்டை ஸ்டேஷனில் ஒரு சோதனை, ரயிலுக்குள் ஒரு சோதனை, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், ஆர் இருக்கிறார்கள் அங்கே. அந்தப் புல்வெளிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோள் இறங்கும்.

கமரா வேண்டாம் என்று சொன்னது நான். நீர் ஆசைப்பட்டீர், நான் விடவில்லை. இரண்டு தமிழ்ப் பெண்கள் கமராவோடு போய், படத்தின் பின்னால் ஒரு பாலமோ கோபுரமோ விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது? கொப்பியும் பென்சிலும் கொண்டுபோனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று புத்திசாலி மாதிரிச் சொன்னேன். அந்தக் கோதாரி விழுந்த கொப்பி என்னுடைய யோசனை.

எண்ணுவது உம்முடைய யோசனை. மூன்றாவது பயணத்தில் அது வந்தது. பெரிய உலக முடிவில் நிலம் சட்டென்று அறுந்துபோகும், அந்த நாளில் வேலி ஒன்றும் கிடையாது. ஒன்பது மணிக்குப் பிறகு கீழேயிருந்து முகில் ஏறினால் தன் கால் தனக்குத் தெரியாது. அன்று எங்களுக்குப் பிந்திவிட்டது. நான் முன்னால் கதைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு கால் வைத்த இடத்தில் தரை இல்லை. நீர் என் பையின் வாரைப் பிடித்து இழுத்த இழுவையில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். நான் அங்கேயே இருந்து அழுதேன். நீர் என் முதுகைத் தடவிக்கொண்டு, "அடுத்தமுறை எண்ணுவம். எத்தினை அடியில விளிம்பு வருமெண்டு தெரிஞ்சால் பயமில்லை" என்றீர்.

உமக்குக் கணக்கு நிற்காது, கதை வந்தால் எண்ணிக்கை பறந்துவிடும். ஆகவே நான் எண்ணினேன், நீர் எழுதினீர். வலது பொக்கற்றில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, நூறு அடிக்கு ஒன்றாக இடது பொக்கற்றுக்கு மாற்றுவேன். ஒவ்வொரு அடையாளத்திலும் நான் தொகையைச் சொல்ல, நீர் நின்று எழுதுவீர். ஓடையிலிருந்து இரட்டைப் பாறை அறுநூற்று நாற்பது. இடப்பக்கம் பள்ளம். பாறையிலிருந்து எண்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது. இப்படிப் பக்கம் பக்கமாக. பிறகு அந்தச் சுற்றுப்பாதை போதாதென்று, பூங்காவுக்குள் இருக்கும் சின்ன மலைக்கும் ஏறினோம். அதன் உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம். அங்கே போகும் பாதையையும் நான் எண்ணினேன், நீர் அடிவாரத்திலிருந்து கோபுரம் எத்தனை அடி என்று அழகாக எழுதிக் கீழே கோடும் போட்டீர். அதில் என்ன பிழை இருக்கிறது என்று அன்றைக்கு ஒருத்தி கூட யோசிக்கவில்லை.

கொப்பி உம்மிடம். பூங்கா டிக்கெட்டுகள் என்னிடம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துண்டில் இரண்டு என்று எழுதித் திகதி அடித்துத் தருவார்கள். நான் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் கொழும்பில் எல்லாத் தமிழ் வீட்டிலும் கதவடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். பொலிஸ் பதிவு, அடையாள அட்டைப் பிரதி, கந்தோர்க் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம். சுற்றிவளைப்பு என்று கதவைத் தட்டினால் தேடித் திரியாமல் எடுத்து நீட்டுவதற்கு. நீர் அந்த ஃபைலுக்குள் கொப்பியையும் வைத்தீர். சனி ஞாயிறில் வீட்டில் இல்லாமல் எங்கே போகிறாய் என்று கேட்டால் காட்டலாமே என்றீர். நானும் தலையாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு.

நகரத்தில் குண்டு வெடித்து இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனையைச் சுற்றிவளைத்தார்கள். காலை ஏழு மணி. வந்தவன் ஃபைலைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் போனானாம், நீர்தான் கொப்பியை எடுத்து விரித்து, சிரித்த முகத்தோடு, மலையேறுவது எனக்கு விருப்பம் என்று சிங்களத்தில் சொன்னீராம். அவன் எண்களைப் பார்த்தான். கோபுரத்தைப் பார்த்தான். அடியில் போட்ட கோட்டைப் பார்த்தான். உடுப்பு மாற்றவும் விடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உம்முடைய அம்மா திரீவீலர் பிடித்துக் கந்தோருக்கு வந்து எனக்குச் சொல்லும்போது பத்து மணி. நான் அரை நாள் லீவு போட்டேன். எங்கே போனேன் என்று நினைக்கிறீர்? பொலிசுக்கு இல்லை, உம்முடைய வீட்டுக்கு இல்லை. நேரே வெள்ளவத்தைக்கு வந்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒவ்வொரு டிக்கெட்டாகக் காஸ் அடுப்பில் பிடித்தேன். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் குசினித் தொட்டியில் கழுவினேன். தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கெண்ணும் என்பார்கள். அன்றைக்கு என் தலையைக் காக்க என் கை அப்படிப் பறந்து வேலை செய்தது.

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி கந்தோருக்கு வந்தார். மனேச்சரின் அறையில் வைத்து விசாரித்தார். குரல் உயரவில்லை, எனக்கு இருக்கக் கதிரை தந்தார். அவளைத் தெரியுமா என்றார். ஒரே மேசை என்றேன். இந்த இடங்களுக்கு அவளோடு போனாயா என்றார். இல்லை என்றேன். அவர் கொப்பியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். உம்முடைய எழுத்து, என்னுடைய எண்கள். எண்ணுகிறவள் நின்று நின்று எழுதினால் எண்ணிக்கை பிசகும், இது பிசகாத கணக்கு, ஆகவே இரண்டாவது ஆள் ஒருத்தர் இருக்கவேண்டும் என்றார். அந்தக் கொப்பியைச் சரியாக வாசித்த ஒரே மனுஷன் அவர்தான். யாரென்று எனக்குத் தெரியாது என்று இரண்டாம் முறையும் சொன்னேன். மனேச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் லீவு விண்ணப்பங்களில் ஒரே வெள்ளிக்கிழமைக்கு ஒப்பம் வைத்தவர் அவர். அந்த மனுஷனும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் உம்முடைய அம்மாவோடு வழக்கறிஞரிடம் போனேன். அவர் இளம் ஆள், பொறுமையாகக் கேட்டார். "கூடப் போன ஆக்கள் ஆரும் இருந்தால் வந்து சொல்லட்டும். இல்லாட்டி ஒரு டிக்கெட், ஒரு ரசீது. சும்மா சுத்திப்பாக்கத்தான் போனவ எண்டு காட்ட ஒண்டு போதும்" என்றார். உம்முடைய அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீர் தனியப் போனதாகத்தான் சொல்லியிருக்கிறீர் என்றும், அப்படியே சொல்லச் சொன்னீர் என்றும் உள்ளே உம்மைப் பார்த்துவந்த அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அது அப்போது தெரியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார். நான் என் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே சொன்னார். "ஒருத்தரும் போகேல்லைத் தம்பி. அவள் தனியத்தான் போறவள்."

இருபத்துமூன்றாம் நாள் விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். மன்னிப்பும் இல்லை, கொப்பியும் திரும்பித் தரவில்லை. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, கந்தோரில் உம்மைக் கொஞ்சக் காலம் வீட்டில் நிற்கச் சொன்னார்கள், பிறகு ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள். உமக்கு இடது காது கேட்கவில்லை. ஏனென்று நீர் ஒரே ஒருமுறைதான் சொன்னீர். ஓடையிலிருந்து பாறை எத்தனை, பாறையிலிருந்து விளிம்பு எத்தனை, கோபுரம் எத்தனை என்று மாறி மாறிக் கேட்டார்களாம். எழுதியவளுக்கு நினைவிருக்கவேண்டுமாம். பிழையாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தக் காதுப் பக்கத்தில் அறைந்தார்களாம். எனக்கென்றால் அந்தத் தொகைகள் இன்றைக்கும் மனப்பாடம். கேட்டிருந்தால் ஒரு அடி பிசகாமல் சொல்லியிருப்பேன். நாசமாய்ப் போனவர்கள், எண்ணாதவளிடம் எண்ணிக்கை கேட்டு அடித்தார்கள். அடித்த கைகளை நான் ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை. அந்தக் கைகளுக்கு இப்போது பென்ஷன் வருகிறது என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

அன்றைக்கு உம்முடைய வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்தபடி, டிக்கெட்டுகள் எங்கே என்று கேட்டீர். எரித்துவிட்டேன் என்றேன். உமக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காலம். ரெண்டு பேர் எண்டு அதில கிடந்தது. கந்தோருக்கு வந்து கேட்டபோதும் இல்லையெண்டு சொன்னீராம். பேசி வைக்காமலே ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறம். நீர் கெட்டிக்காரி" என்றீர். தேத்தண்ணீர் கொண்டுவந்த உம்முடைய அம்மா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அவர் சாகும்வரை என் கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்? அதுதான் எனக்கு உம்மில் உள்ள கோபம். என்னைக் காப்பாற்றச் சொல்லி உம்மிடம் யார் கேட்டது? ஒரு பேச்சுப் பேசியிருந்தால், துரோகி என்று வாசலால் திருப்பி அனுப்பியிருந்தால், நான் அழுது காலில் விழுந்திருப்பேன். அதற்கு இடமே வைக்காமல் மெச்சிவிட்டீர். உம்முடைய அம்மா உமக்கு நடந்ததைச் சொல்லவில்லையோ? சொல்லி, தெரிந்துகொண்டுதான் அந்தச் சொல்லைச் சொன்னீர் என்றால் அது அதைவிட மோசம்.

ஒருமுறை சொன்னேன். நீர் கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். காலிமுகத்திடலில் கடற்கரைச் சுவரோடு நடந்தோம். வழக்கமாக நான் உம்முடைய வலப்பக்கம் வருவேன், நல்ல காதுப் பக்கம். அன்று வேண்டுமென்றே இடப்பக்கம் வந்து, கடல் இரைச்சலும் இருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, அதிகாரி, வழக்கறிஞரின் மேசை. நீர் திரும்பி, என்ன சொன்னீர் என்று கேட்டீர். ஒன்றுமில்லை, காற்று அடிக்கிறது என்றேன். சீ, அதை நினைத்தால் எனக்கு என் முகத்திலேயே அறையவேண்டும் போல் இருக்கிறது.

சண்டை முடிந்தபிறகு, இனிப் போவோமா என்று உம்மைக் கேட்டேன். பாதைக்குப் பலகை போட்டுவிட்டார்கள், விளிம்பில் தடுப்புக் கட்டிவிட்டார்கள், இனி எண்ணத் தேவையில்லை என்றேன். "எண்ணாமல் அங்க நடக்க எனக்குத் தெரியாது. எண்ணவும் இனி ஏலாது" என்றீர். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஒரு வகையில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பாரும், அதுவும் உண்மைதான்.

உம்முடைய செத்தவீட்டு அறிவித்தலை லண்டன் தம்பிதான் எழுதியிருந்தான். மலைகளை நேசித்தவர், அமைதியாக வாழ்ந்தவர் என்று போட்டிருந்தான். நீர் உள்ளே இருந்தபோது, அவளுக்கு ஏன் தேவையில்லாத வேலை என்று ஃபோனில் சொன்னவன். ஐயர் மந்திரம் சொல்லும்போது அவன் என்னைச் சுட்டிக்காட்டி, அக்காவின் உற்ற சிநேகிதி, கடைசிவரை கூட நின்றவ என்று யாருக்கோ சொன்னான். எழும்பி நின்று கத்தவேண்டும் போலிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

இனிக் கேளும். எண்ணினது நான். ஒவ்வொரு அடியும் என்னுடையது. டிக்கெட்டை எரித்தது, நீர் என்ன சொல்லியிருக்கிறீர் என்று தெரிவதற்கு முன்னம். அந்த அதிகாரி கேட்டபோது உம்மைக் காப்பாற்றும் எண்ணமும் இல்லை, ஒரே கதை சொல்லும் எண்ணமும் இல்லை, அந்த ஜீப்பில் நான் ஏறக்கூடாது என்ற ஒன்றுதான் இருந்தது. வழக்கறிஞர் கேட்டபோது மூன்று சொல் போதும். ஓம், நானும் போனனான். சொல்லியிருந்தால் அன்றைக்கே உம்மை விட்டிருப்பார்களோ, என்னையும் பக்கத்து அறையில் போட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒப்பேற்றிவிட்டேன்.

நான் கெட்டிக்காரி இல்லை. பயந்தனான். வழக்கறிஞரின் மேசைவரைக்கும் வந்த முதல் ஐந்து நாளுக்கு அவர்கள் பதில் சொல்லட்டும். மிச்சப் பதினெட்டு நாளும் என்னுடையது.